இளைச்சிருக்கானா?

லண்டனுக்குப் போகிறேன் என்று எங்கள் அடுக்ககத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். மறுநாள் பால் பாக்கெட் வருவதற்குள் எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது. எதற்குப் போகிறேன், யாரோடு போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. லிஃப்டில், மாடிப்படியில், தண்ணி லாரி வந்து நின்ற சந்தில், எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை கிலோ விடுறாங்க?"

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எங்களில் யார் விமானம் ஏறினாலும் அவர் பாதி மனிதர், பாதி லாரி. பருப்புப் பொடி, வடகம், நார்த்தங்காய், வேப்பம்பூ என்று பொட்டலங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றின் மேலும் பழுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, ஸ்கெட்ச் பேனாவால் பிள்ளையின் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். கையில் கொடுத்த பிறகு எல்லா அம்மாக்களும் ஒரே மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னார்கள்.

"நேர்ல பார்த்துட்டு சொல்லுங்க. இளைச்சிருக்கானான்னு மட்டும் பார்த்து சொல்லுங்க. போன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

பொடி சும்மா ஒரு சாக்கு. அவர்களுக்கு வேண்டியிருந்தது என் கண். என் துணிமணியைப் பாதியாகக் குறைத்து அத்தனை பொட்டலத்தையும் பெட்டியில் அடுக்கினேன். மறுத்தால் அடுத்த முறை நமக்கு யார் கொண்டுபோவார்கள் என்கிற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

எனக்கும் அங்கே ஒரு பிள்ளை இருக்கிறான். எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்காததன் காரணம் அதுதான். மகன் கூப்பிட்டிருக்கிறான், இவள் போகிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அவன் கூப்பிடவில்லை.

சண்டை ஏதும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சமாதானம் பேச யாரையாவது அனுப்பியிருப்பேன். காட்டாங்குளத்தூரில் படித்தான், ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தான், பிறகு லண்டன் போனான். முதல் வருடம் தினமும் போன் வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தது. அப்புறம் நாங்கள் செய்தால் எடுத்தான். அப்புறம் மெசேஜ், அதற்கும் சில நாளில் கட்டைவிரல் பொம்மை மட்டும் பதிலாக வந்தது. எந்த நாளில் அவன் எங்களை விட்டுப் போனான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை, வராததற்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் ஒன்று இருந்தது.

என் கணவர் வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். "கூப்பிடாத வீட்டுக்கு நான் வர மாட்டேன். நீயும் போகக் கூடாது."

"நான் ஒண்ணும் அவன் வீட்டுக்குப் போகல. லண்டனுக்குப் போறேன். ஊர் சுத்திப் பார்க்க," என்றேன்.

வீம்புக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது. தாம்பரத்தில் ரயில் ஏறி கிண்டியில் இறங்கி, ஒரு அரசு அலுவலகத்தில் காலம் முழுக்க நாற்காலி தேய்த்தவள் நான். தனியாக ஒரு ஊரையும் பார்த்ததில்லை. மகாபலிபுரம்கூட ஆபீஸ் பஸ்ஸில் ஒரு கூட்டத்தோடு போனதுதான். மகனுக்கும் அதையே எழுதினேன்: சும்மா ஊர் பார்க்க வருகிறேன், தங்க ரூம் போட்டிருக்கிறேன், உனக்குத் தொந்தரவு இல்லை. "சூப்பர் மா, என்ஜாய்! வீக்கெண்ட் பார்க்கலாம்," என்று உடனே பதில் வந்தது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைத்தான் நான் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கென்று நான் எடுத்துக்கொண்டது மோர் மிளகாய். சின்ன வயதில் தயிர்சாதத்துக்கு அதைத் தவிர வேறெதையும் தொட்டுக்கொள்ள மாட்டான். மொட்டை மாடியில் காய வைத்தேன். கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டேன் என்ற மனிதர் வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, மிளகாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய குடையை வைத்துக் காக்காய் ஓட்டினார். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒவ்வொன்றையும் போனில் பார்த்து, எது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்காத மாதிரி மிளகாயைப் புரட்டிப் போட்டேன்.

விமான நிலையத்துக்கு வந்த கால்டாக்சிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து அசந்துபோனார். "இன்னாம்மா, கல்லு ஏத்திகினு போறீங்களா?"

"பிள்ளைங்களுக்குச் சாமான்பா. லண்டனுக்கு."

"புள்ள அங்கதான் கீறானா? அப்பால இன்னா பேஜாரு உனக்கு? ராணி மாரி வச்சி பாத்துக்குவான்."

என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடியறையில் தங்கினேன். வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "மகன் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?" என்றார். வேலை நாள் என்றேன். அவர் சூடாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் தெருமுனையில் இருந்த கடைக்குள் போய்ப் பார்த்தேன். பருப்புப் பொடி, வடகம், நார்த்தங்காய், வேப்பம்பூ எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கீழ்த்தட்டில் மோர் மிளகாய்ப் பாக்கெட்டும் இருந்தது, நம்ம ஊரிலிருந்தே வந்தது. நடுக்கடையில் நின்று சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

முதல் வார இறுதிக்கு இன்னும் நாள் இருந்ததால் ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். பொட்டலங்கள்தான் எனக்கு வழிகாட்டி. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போவேன், போகிற வழியில் இருப்பதைப் பார்ப்பேன். மாடிப் பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தால் ஊரே மடியில் வந்து விழுகிறது. மரக்கிளைகள் கண்ணாடியில் படார் என்று அடிக்கும், முதலில் தலையைக் குனிந்தேன், அப்புறம் அடுத்த கிளை எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆறு அடையாறு மாதிரியே மண் நிறம், நாற்றம்தான் இல்லை. பூங்காவில் பெரிய மனிதர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுப் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். நானும் படுத்துப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கேம்ப் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்க ஆள் இருக்கும். இங்கே நான் எங்கே போனாலும் எவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சுகம் அரை நாள் இருந்தது. அதற்குப் பிறகு, இந்த ஊரில் நான் செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் தாண்டிப் போவார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அவர்களைச் சொல்லி என்ன? என் பிள்ளையும் அவர்களில் ஒருவன்.

ஒரு பெண்ணின் பொட்டலத்தை ரயில் நிலையத்தில் கொடுத்தேன். அவளும் கணவனும் எங்கோ போகிற வழி. வெளியே வந்தால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தடுப்புக்கு உள்ளேயே நின்று கையை நீட்டினார்கள். "தேங்க்ஸ் ஆன்ட்டி, அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க," என்று ஓடிவிட்டாள். தடுப்புக்கு மேலே தெரிந்த அளவில் அவள் இளைக்கவில்லை. அப்படியே அவள் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்.

மேடவாக்கத்து அம்மா ஒருத்தியின் மகன் ஹவுன்ஸ்லோவில் இருந்தான். அவன் தங்கியிருந்த வீட்டில் ஒவ்வொரு அறையிலும் இரண்டிரண்டு பேர். கதவைத் திறந்தவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றான். பொட்டலத்தை வாங்கிப் பல்லாலேயே டேப்பைக் கிழித்தான். சோற்றில் பொடியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டான். பாதிச் சோற்றில்தான் என் நினைவு வந்து, "நீங்க சாப்பிடுங்க ஆன்ட்டி," என்றான்.

"வேலை எப்படிப் போகுது?"

"போகுது ஆன்ட்டி." தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வேலை போச்சு. தேடிட்டிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இளைச்சிருக்கேன்னும் சொல்லாதீங்க," என்றான்.

அன்று அவனே என்னைப் பஸ்ஸில் ஏற்றி நதிக்கரைக்குக் கூட்டிப்போனான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, மேலே வினிகர் தெளித்து, இது இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். குளிர்ந்த காற்று வீசியபோது தன் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டான். அந்தப் பயணத்தில் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். சந்தோஷமாக இருக்கிறோம் என்று தெரிந்த உடனே ஆத்திரமும் வந்தது. யாரோ பெற்ற பிள்ளை வேலை இல்லாமல் நிற்கிறான், எனக்கு மப்ளர் சுற்றுகிறான். நான் பெற்றது இதே ஊரில், இதே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ராத்திரி அந்த அம்மாவுக்கு எழுதினேன்: பையன் ஜம்மென்று இருக்கிறான், கொஞ்சம் வெயிட் போட்டிருக்கிறான். அவள் கைகூப்புகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள்.

முதல் சனிக்கிழமை என் மகனுக்கு ஆபீஸில் ரிலீஸ் என்றான். ரிலீஸ் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது, அதற்கு மேல் பேச முடியாது என்பது மட்டும் தெரியும். "நெக்ஸ்ட் சாட்டர்டே கண்டிப்பா மா."

அந்தச் சனிக்கிழமை காலையில் திரையை விலக்கினேன். பின்பக்கத் தோட்டத்தில், குப்பைத் தொட்டிக்கு அருகில் ஒரு நரி நின்றுகொண்டிருந்தது. முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். அது நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தது. நம் ஊரில் ஒருவனுக்கு நல்லது நடந்தால் நரி முகத்தில் முழித்தாயா என்று கேட்போம், கேட்கிற யாரும் நரியைப் பார்த்திருக்க மாட்டோம். நான் நிஜமாகவே முழித்துவிட்டேன். குளித்து, கொண்டுவந்ததில் இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மோர் மிளகாய்ப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்து, கீழே கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். "இண்டைக்கு வாறாரோ?" என்று வீட்டு அம்மா கேட்டார். வருகிறான் என்றேன். அவர் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

மத்தியானம் மெசேஜ் வந்தது. நண்பர்களோடு ஊருக்கு வெளியே வந்திருக்கிறானாம், முன்பே போட்ட திட்டமாம், மறந்துவிட்டதாம். "சாரி மா. நீங்க நல்லா சுத்திப் பாருங்க." வீட்டு அம்மா எனக்கு மட்டும் தட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அவன் இருந்த கிராய்டனுக்கு நானே போனேன். முகவரி என்னிடம் இருந்தது, எப்போதோ ஒரு பார்சல் அனுப்பக் கேட்டு வாங்கியது. ரயிலும் பஸ்ஸுமாக மாறி அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். செங்கல் நிறக் கட்டடம். கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவன் எண்ணும் இருந்தது. மேலே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அது அவன் ஜன்னலா என்று எனக்குத் தெரியாது.

மணியை அடித்து, யாரும் வராவிட்டால் அவன் சொன்னது நிஜம். யாராவது வந்துவிட்டால்? அவனே வந்து, கதவைத் திறந்து, என்னைப் பார்த்த அந்த முதல் நொடியில் அவன் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் நான் மறுபடி தாம்பரத்தில் போய் இருக்க முடியாது. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ்கள் வந்து கதவைத் திறந்தன, நான் ஏறாததால் மூடிக்கொண்டு போயின. கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று இவர் சொன்னபோது திமிர் என்று நினைத்திருந்தேன். அவருக்கு இருந்ததும் பயம்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. மணியை அடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மேல்தளத்தில், அந்த முன்வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நல்லவேளை, அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசிப் பொட்டலம் கோவிலம்பாக்கத்துப் பெண் ஒருத்தியுடையது. நர்ஸாக இருந்தாள். டியூட்டி மாறி மாறி வந்ததால் பார்க்க முடியாமல், நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில்தான் என் அறைக்கே வந்து வாங்கிக்கொண்டாள். கலகலவென்று பேசினாள். எங்கே வேலை என்று கேட்டதற்கு கிராய்டன் பக்கம் என்றாள்.

மேசை மேல் இருந்த மோர் மிளகாய்ப் பொட்டலத்தைப் பார்த்தேன். அதை ஊருக்குத் திருப்பி எடுத்துப் போனால் இவர் கண்ணில் படும்.

"என் பையனும் அங்கதான்மா இருக்கான். இதை அவன்கிட்ட கொடுத்துட முடியுமா?"

"நீங்க இன்னும் போகலையா ஆன்ட்டி?"

"எங்கம்மா நேரம்? பார்க்க வேண்டிய இடமே இன்னும் எவ்வளவோ இருக்கு. நான் ஊர் சுத்த வந்தவ."

அவள் சிரித்தாள். "செம ஆன்ட்டி நீங்க," என்று, நான் எழுதிக் கொடுத்த அவன் முகவரியோடு பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்புகிற நேரத்தில், எல்லா அம்மாக்களும் என்னிடம் சொன்னதை நானும் அவளுக்கு மெசேஜில் எழுதினேன். "எப்படி இருக்கான்னு பார்த்துட்டு சொல்லுமா."

சொன்னபடியே ஊர் சுற்றத்தான் போனேன். வேறென்ன செய்வது? மாலையில் நான் உட்கார்ந்திருந்த மாடிப் பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, ஆறு முழுக்க வெயில் சரிந்து கிடந்தது. போன் அதிர்ந்தது. அந்தப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான், கையில் நான் டேப் சுற்றிய பொட்டலம். தாடி வைத்திருந்தான். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அண்ணா சூப்பரா இருக்காரு ஆன்ட்டி. அம்மா நல்லா என்ஜாய் பண்றாங்களான்னு கேட்டாரு."

"ரொம்ப," என்று பதில் போட்டேன். பஸ் பாலத்தைத் தாண்டி வேறு ஏதோ தெருவுக்குள் போய்விட்டது. நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்தும் மெசேஜ் வந்தது. "கிடைச்சுது மா. சேஃப் ஜர்னி," கூடவே ஒரு கட்டைவிரல்.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்தபோது கம்பிக்குப் பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார், இப்போது அது ஒரு கையிலேயே வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். வெயில், டிராஃபிக், மெட்ரோ வேலைப் புழுதி என்று பேசினார். பல்லாவரம் தாண்டும் வரை வேறு எதுவும் கேட்கவில்லை. குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"இளைச்சிருக்கானா?"

ஒவ்வொரு அம்மாவுக்கும் எழுதி எழுதி எனக்கு அந்தப் பதில் மனப்பாடமாகியிருந்தது. "இல்லைங்க. நல்லா இருக்கான். கொஞ்சம் வெயிட்கூட போட்டிருக்கான்." போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். தாடியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்ததும், "நான் காக்காய் ஓட்டினதுதானே," என்றார். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் போனைத் திருப்பித் தரவில்லை.

"உன்னப் பார்த்ததும் எப்படி சிரிக்கிறான் பாரு," என்றார்.

ஆமாம் என்றேன்.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் இவர் முதலில் அதைத்தான் காட்டுகிறார். "லண்டன்ல. அவங்க அம்மா எடுத்தது," என்கிறார்.